நூற்பாலையில் நிலை அறிந்து பராமரிப்பு: எங்கே தொடங்குவது, எதை அளப்பது, எப்போது கழற்றுவது

கேள்வி இது. சுமார் 24,000 ஸ்பிண்டில் ஓடும் நூற்பாலை. ஹியூமிடிபிகேஷன் பிளான்ட் விசிறிகள், கழிவுப் பஞ்சு உறிஞ்சும் விசிறிகள், இரண்டு ஸ்குரூ கம்ப்ரஸர், ரிங் ஃபிரேம் (நூல் முறுக்கும் மெஷின்) மோட்டார்கள் என எல்லாவற்றுக்கும் பிஎம் அட்டவணை, அதாவது தேதி வைத்துச் செய்யும் தடுப்புப் பராமரிப்பு அட்டவணை, இருக்கிறது. முக்கியமான விசிறிகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேரிங் மாற்றுகிறார்கள். அப்படியும் பிரேக்டவுன் நிற்கவில்லை. மெஷினுக்கு ஒரு வயர்லெஸ் சென்சார் மாட்டினால் எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். வாங்கலாமா? இல்லையென்றால் எங்கே தொடங்குவது?

இப்போதைக்கு சென்சார் வேண்டாம். அதிர்வின் வேகத்தையும் முடுக்கத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஒரு கை மீட்டர், ஒரு கிளாம்ப் மீட்டர், ஒரு இன்ஃப்ராரெட் வெப்பமானி, கிரீஸ் எடை பார்க்க ஒரு சிறிய தராசு, இவற்றோடு தொடங்குங்கள். 15 மெஷினை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் ஒழுங்காக அளந்தாலே சென்சார் எங்கே தேவை, எங்கே வீண் என்பது தெரிந்துவிடும். அளவீட்டைப் பார்த்து யார், என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்காத ஆலையில் எந்தச் சென்சாரும் வேலை செய்யாது. அலாரம் வரும், யாரோ அணைப்பார்கள், பேரிங் போகும்.

முதலில் அந்த ஆறு மாத மாற்றத்தைப் பற்றி. இடைவிடாமல் ஓடினாலும் ஆறு மாதம் என்பது 4,400 மணி நேரம்கூட இல்லை. பேரிங்குக்குக் கணக்கிடும் எல்10 ஆயுள் என்றால், ஒரே மாதிரி ஓடும் 100 பேரிங்கில் 90 அந்த மணி நேரத்தைத் தாண்டும் என்று பொருள். சரியாகத் தேர்ந்தெடுத்த விசிறி பேரிங்குக்கு அது பல பத்தாயிரம் மணி நேரம் வரும். ஆக, 4,400 மணியில் நீங்கள் கழற்றிப் போடுவதில் பெரும்பாலானவை நல்ல பேரிங். 4,400 மணிக்குள் ஒன்று உண்மையிலேயே போகிறது என்றால் அதற்கு வயது காரணமல்ல. கிரீஸ், பெல்ட் இழுவை, அலைன்மென்ட் (ஷாஃப்டுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பது), ஃபிட் (ஷாஃப்டிலும் ஹவுசிங்கிலும் பேரிங் உட்காரும் இறுக்கம்), ஷாஃப்ட் வழியாகப் பாயும் மின்சாரம் இவற்றில் ஏதோ ஒன்றுதான் கொல்கிறது. காரணம் அப்படியே இருக்க, புதுப் பேரிங் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

இது விமானத் துறையில் எப்போதோ தெரிந்துபோன விஷயம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக யுனைடெட் ஏர்லைன்ஸ் பொறியாளர்கள் 1978-இல் கொடுத்த அறிக்கையில், ஆராய்ந்த விமானப் பாகங்களில் 11 சதவீதத்துக்கு மட்டுமே 'இத்தனை மணி நேரத்தில் மாற்று' என்ற விதி பயன் தரும் என்று வந்தது. 68 சதவீதம், மாட்டிய புதிதில் பழுதாகும் வாய்ப்பு அதிகமாகவும் பிறகு ஒரே சீராகவும் இருந்த பாகங்கள். விமானத்தின் விகிதத்தை அப்படியே நூற்பாலைக்குப் போடக்கூடாது. ஆனால் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு பழுதை உள்ளே விடுகிறோம் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும். சுத்தியலால் வெளி வளையத்தைத் தட்டி ஷாஃப்டில் ஏற்றும்போது அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் போகிறது. ஓடுதடத்தில் குண்டுக்குக் குண்டு இடைவெளி விட்டுப் பள்ளம் விழுகிறது. அந்தப் பேரிங் மாட்டிய அன்றே நோயாளி.

எந்த மெஷின் முதலில்?

நின்றால் எவ்வளவு நூல் போகும் என்று பாருங்கள். ஹியூமிடிபிகேஷன் பிளான்ட்டின் சப்ளை விசிறி நின்றால் ரிங் ஃபிரேம் டிபார்ட்மென்ட் முழுவதும் ஈரப்பதம் இறங்கும், இழை அறுபடுவது கூடும், ஒரு மோட்டாருக்காக மொத்த ஷெட்டும் தவிக்கும். கம்ப்ரஸர் நின்றால் ஆட்டோகோனரில் (நூலைக் கோனில் சுற்றும் மெஷின்) முடிச்சில்லாமல் இழை சேர்க்கும் ஸ்ப்ளைசருக்குக் காற்று இல்லை. இவை முதல் பட்டியல். ஒரு ரிங் ஃபிரேமின் மெயின் மோட்டார் நின்றால் அந்த ஒரு ஃபிரேம் மட்டும்தான் நிற்கும். அது இரண்டாம் பட்டியல். சுவரில் இருக்கும் சிறிய எக்ஸாஸ்ட் விசிறி, மேலே ஓடும் கிளீனரின் சின்ன மோட்டார் இவற்றை அளக்கவே வேண்டாம். ஓடும் வரை ஓடட்டும், ஸ்டோரில் ஒன்று தயாராக இருந்தால் போதும். எலக்ட்ரானிக் கார்டு, ஃபியூஸ், பிராக்ஸிமிட்டி சென்சார் இவையெல்லாம் பெரும்பாலும் சொல்லாமல் போகும் பாகங்கள். பேனலைக் குளிர்ச்சியாகவும் தூசியில்லாமலும் வைப்பதும், உபரி கார்டு வைத்திருப்பதும்தான் அவற்றுக்குப் பராமரிப்பு.

உங்களிடம் ஏற்கனவே இருக்கும் தகவலையும் மறக்க வேண்டாம். ஸ்பிண்டில் வாரியாக அறுபடுவதைக் காட்டும் கருவி ரிங் ஃபிரேமில் இருந்தால், திரும்பத் திரும்ப அறுபடும் ஸ்பிண்டில் பட்டியல் தினமும் வந்துகொண்டிருக்கும். ஆயிரத்துக்கும் மேல் ஸ்பிண்டில் உள்ள ஃபிரேமில் ஒவ்வொன்றையும் போய் அதிர்வு மீட்டரால் அளக்க முடியாது, அந்தப் பட்டியலே நிலைமை அறிக்கை. கம்ப்ரஸர் பேனலில் டிஸ்சார்ஜ் வெப்பநிலை, லோடு நேரம், அன்லோடு நேரம் எல்லாம் பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது. ஃபில்டரின் இரு பக்க அழுத்த வித்தியாசம், மோட்டாரின் ஆம்பியர் இவற்றுக்கும் மீட்டர் மாட்டியாயிற்று. பல இடங்களில் இவற்றை லாக் புக்கில் எழுதுகிறார்கள், வரைபடமாகப் போட்டு யாரும் பார்ப்பதில்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை அளப்பது?

பழுதின் முதல் அறிகுறி தெரியும் நாளுக்கும் மெஷின் நிற்கும் நாளுக்கும் நடுவே உள்ள காலத்தை பி-எஃப் இடைவெளி என்பார்கள். அளக்கும் இடைவெளி இதில் பாதியைத் தாண்டக்கூடாது. கிரீஸ் போடும் விசிறி பேரிங்கில் முடுக்கம் ஏறத் தொடங்கிய பிறகு பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோ கிடைக்கும். அதனால் மாதம் ஒருமுறை, சந்தேகம் வந்த மெஷினில் வாரம் ஒருமுறை என்று தொடங்கலாம். அதே பேரிங்கை வெப்பத்தை மட்டும் பார்த்துப் பிடிக்க நினைத்தால் கையில் சில நாட்களோ சில மணி நேரமோதான் மிஞ்சும், ஏனென்றால் சூடு கடைசிக் கட்டத்தில்தான் வரும். எந்தக் கருவியால் அளக்கிறோம் என்பதை வைத்தே இந்த இடைவெளி மாறுகிறது என்பதை அட்டவணை போடுபவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

அதிர்வை அளக்கும் முறை

ஒவ்வொரு பேரிங் இருக்கும் இடத்திலும் கிடைமட்டம், செங்குத்து, ஷாஃப்ட் திசை என்று மூன்று அளவு. மோட்டாரின் இரண்டு முனை, விசிறியின் இரண்டு பிளம்மர் பிளாக் (பேரிங்கைத் தாங்கும் வார்ப்புக் கூடு), ஆக ஒரு விசிறி செட்டுக்கு நான்கு இடம், 12 எண்கள். நேரம் குறைவென்றால் ஷாஃப்ட் திசையை ஒரு முனையில் மட்டும் எடுக்கலாம். மோட்டாரின் பின்பக்க விசிறி மூடியின் தகரத்தில் வைத்து அளக்காதீர்கள், அது தகரத்தின் அதிர்வு. வார்ப்பு உடலில், பேரிங்குக்கு மிக அருகில், பெயின்டைச் சுரண்டி இடத்தைச் சமமாக்கி, ஒரு சிறிய இரும்புத் தகட்டை ஒட்டிவிடுங்கள். மீட்டரின் காந்தத்தை எப்போதும் அதன் மேல்தான் வைக்க வேண்டும். கையால் குச்சியை அழுத்திப் பிடித்து அளந்தால் ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை நம்ப முடியாது. ஆளுக்கு ஆள் அழுத்தம் மாறும், எண்ணும் மாறும்.

விஎஃப்டியில் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) ஓடும் விசிறியை ஒரு மாதம் 38 ஹெர்ட்ஸிலும் அடுத்த மாதம் 46 ஹெர்ட்ஸிலும் அளந்து ஒப்பிட்டால் அந்த வரைபடத்துக்குப் பொருளே இல்லை. அளக்கும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கொண்டுவந்து, டேம்பர் (காற்றோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் மடிப்பலகை) நிலையையும் குறித்துக்கொண்டு அளவெடுங்கள். வேகத்தை மாற்ற முடியாத நேரமென்றால், வேகத்தையாவது எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

எவ்வளவு இருக்கலாம்? இதற்கு ஐஎஸ்ஓ 10816-3 என்ற அளவுகோல் பரவலாகப் புழங்குகிறது. 2022-இல் அதன் இடத்துக்கு ஐஎஸ்ஓ 20816-3 வந்தது. பழைய அளவுகோலில் 15 முதல் 300 கிலோவாட் வரையுள்ள மெஷின், கெட்டியான கான்கிரீட் அடித்தளத்தில் இருந்தால் 1.4 மி.மீ./விநாடி வரை புது மெஷின் நிலை, 2.8 வரை தொடர்ந்து ஓடலாம், 4.5 வரை கொஞ்ச காலம் தள்ளலாம், அதற்கு மேல் சேதம். இரும்புச் சட்டம், ஸ்பிரிங், ரப்பர் பேடு மேல் நிற்கும் மெஷினுக்கு இதே எண்கள் 2.3, 4.5, 7.1. உங்கள் விசிறிகளில் பல இந்த இரண்டாவது வகையில்தான் வரும். எல்லாம் 10 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரை அளந்த ஆர்எம்எஸ் எண்கள், அதாவது உச்ச அளவு அல்ல, ஒரு வகைச் சராசரி.

இந்த அட்டவணையைவிட மெஷினின் சொந்த வரலாறு முக்கியம். நன்றாக ஓடும் நிலையில் மூன்று தடவை அளந்து அடிப்படை எண்ணை முடிவு செய்யுங்கள். அதற்கு மேல், 'தொடர்ந்து ஓடலாம்' எல்லையின் கால் பங்கு கூடினால் எச்சரிக்கை. உதாரணத்துக்கு இரும்புச் சட்டத்தில் நிற்கும் விசிறியின் அடிப்படை 2.0 என்றால், 4.5-இல் கால் பங்கு 1.1, ஆக 3.1-இல் எச்சரிக்கை. அட்டவணைப்படி 3.1 இன்னும் நல்ல எண்தான். இருந்தும் 2.0-இல் இருந்து 3.1-க்கு ஏன் போனது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். ஸ்குரூ கம்ப்ரஸரை இந்த அட்டவணைக்குள் கொண்டுவராதீர்கள். அதன் இயல்பான அதிர்வே வேறு, அதற்கு அடிப்படை எண்ணும் போக்கும்தான் வழி.

மி.மீ./விநாடி எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பேரிங்கின் ஓடுதடத்தில் முதல் செதில் உதிரும்போது எழும் தட்டல்கள் பல ஆயிரம் ஹெர்ட்ஸில் இருக்கும். அந்த நிலையில் வேக எண் அசையாது. முடுக்கமும், அதிலிருந்து தட்டல்களைப் பிரித்துக் காட்டும் என்வலப் எண்ணும்தான் ஏறும். வேக எண் ஏறும் வேளையில் பேரிங் கடைசிக் கட்டத்தை நெருங்கியிருக்கும். எனவே வேகத்தை வைத்து பேலன்ஸ், அலைன்மென்ட், தளர்வு இவற்றையும், முடுக்கத்தை வைத்து பேரிங், கிரீஸ் இரண்டையும் படியுங்கள். வேகத்தை மட்டும் காட்டும் பேனா மீட்டர் விலை குறைவுதான், ஆனால் உங்கள் தேவையில் பாதியைத்தான் தீர்க்கும்.

எண் ஏறியதும் எந்தக் கோளாறு என்று பிரிக்க அலைவரிசை வேண்டும். 1,480 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 1,480 சுற்று, என்பது நொடிக்கு 24.7 சுற்று, 24.7 ஹெர்ட்ஸ். ஏற்றம் முழுவதும் அதே 24.7-இல், கிடைமட்டத்தில் அதிகம் என்றால் பெரும்பாலும் பேலன்ஸ் கெட்டிருக்கிறது. 49 ஹெர்ட்ஸிலும் ஷாஃப்ட் திசையிலும் ஏறியிருந்தால் கப்ளிங் அலைன்மென்ட். 24.7-இன் மடங்குகள் வரிசையாக எழுந்தால் தளர்வு, அதாவது பவுண்டேஷன் போல்ட் அல்லது பிளம்மர் பிளாக்குக்குள் பேரிங் ஆடுவது. 100 ஹெர்ட்ஸில் ஏற்றம் இருந்தால், நேரடி சப்ளையில் ஓடும் மோட்டாராக இருக்கும்பட்சத்தில், மின்சாரப் பக்கம் பாருங்கள். மீட்டரைப் பார்த்துக்கொண்டே சுவிட்சை அணைத்தால், அந்த நொடியே விழும் அதிர்வு மின்சாரத்தால் வந்தது, வேகம் குறையக் குறைய மெல்ல இறங்குவது மெக்கானிக்கல். பெல்ட் கோளாறு ஆர்பிஎம்முக்குக் கீழே வரும். 200 மி.மீ. புல்லி, 2,500 மி.மீ. நீளப் பெல்ட், 1,480 ஆர்பிஎம் என்றால் பெல்ட் சுற்றும் வேகம் 6.2 ஹெர்ட்ஸ். 10 ஹெர்ட்ஸில் தொடங்கும் மீட்டருக்கு அது தெரியவே தெரியாது, அதன் இரட்டிப்பான 12.4-இல்தான் மாட்டும்.

பேரிங் அலைவரிசைக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. குண்டுகளின் எண்ணிக்கையை ஷாஃப்ட் சுற்றும் ஹெர்ட்ஸால் பெருக்கி, வெளி வளையத்துக்கு 0.4-ஆலும் உள் வளையத்துக்கு 0.6-ஆலும் மறுபடி பெருக்குங்கள். ஒன்பது குண்டுள்ள 6205 பேரிங் 1,480 ஆர்பிஎம்மில் ஓடினால் வெளி வளையக் கோளாறு 89 ஹெர்ட்ஸ், உள் வளையம் 133 என்று வரும். அளவுகளை வைத்துச் சரியாகக் கணக்கிட்டால் 88.4-உம் 133.6-உம். இவ்வளவு நெருக்கம் போதும். வெளி வளையக் கோளாறு பெரும்பாலும் உள் வளையத்தைவிட மெதுவாக வளரும், நேரம் கொடுக்கும். என்வலப்பில் உள் வளைய எண்ணும் அதன் இருபுறமும் 24.7 இடைவெளியில் துணைக் கோடுகளும் தெரிந்தால் அடுத்த விடுமுறை நாளிலேயே மாற்றத் திட்டமிடுங்கள்.

விசிறியில் பஞ்சு: அடிக்கடி பேலன்ஸ் கெடும் கதை

ரிட்டர்ன் ஏர் விசிறி என்றால் இதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஃபில்டர் வலையில் ஒரு கிழிசல் விழுந்தால் பறக்கும் பஞ்சும் தூசியும் ஈரத்தோடு சேர்ந்து இறக்கைகளில் அப்பும். எல்லா இறக்கையிலும் சமமாக அப்பும்வரை அதிர்வு ஏறாது. ஒரு கட்டி மட்டும் பிய்ந்து விழும் அன்றுதான் எண் திடீரெனத் தாவும்.

கணக்கைப் பாருங்கள். 80 கிலோ இம்பெல்லர் (விசிறியின் இறக்கைச் சக்கரம்), 1,480 ஆர்பிஎம். விசிறிகளுக்கு வழக்கமான ஜி 6.3 பேலன்ஸ் தரத்தில் மீதமிருக்கலாம் என்று அனுமதிப்பது சுமார் 3,250 கிராம்-மி.மீ. அரை மீட்டர் ஆரத்தில் அது ஆறரை கிராம்தான். அங்கே 30 கிராம் பஞ்சுக் கட்டி ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லையென்றால், நொடிக்கு 25 தடவை 360 நியூட்டன் விசை, கிட்டத்தட்ட 37 கிலோ எடை, பேரிங்கைச் சுற்றிச் சுற்றி இழுக்கிறது. ஆகவே 24.7-இல் எண் ஏறினால் பேலன்ஸ் செய்பவரைக் கூப்பிடும் முன் விசிறியை நிறுத்தி, பூட்டுப் போட்டு, இறக்கைகளைச் சுரண்டிக் கழுவி, மறுபடி அளங்கள். அழுக்கோடு பேலன்ஸ் செய்து எடை ஒட்டினால், அழுக்கு விழுந்ததும் அந்த எடையே புதுக் கோளாறு. அதோடு ஃபில்டர் வலையைத் தைக்காமல் விட்டால் இந்த வேலை முடிவதே இல்லை.

கிரீஸ்

நூற்பாலைகளில் அளவில்லாமல் கிரீஸ் அடிப்பதால் போகும் பேரிங், கிரீஸ் இல்லாமல் போவதற்குக் குறைவில்லை. தேவையான அளவுக்குச் சூத்திரம் எளிது: பேரிங்கின் வெளி விட்டம், அகலம் இரண்டையும் மி.மீ.-இல் பெருக்கி 0.005-ஆல் பெருக்கினால் கிராம் வரும். 22 கிலோவாட் அளவு மோட்டார்களில் பார்க்கும் 6310-க்கு வெளி விட்டம் 110, அகலம் 27, ஆக சுமார் 15 கிராம். கிரீஸ் கன்னின் ஓர் அழுத்தத்துக்கு எவ்வளவு வருகிறது என்பது கன்னுக்குக் கன் மாறும். பத்து அழுத்தத்தைத் தாளில் விட்டுத் தராசில் நிறுத்தி, அந்த எண்ணைக் கன்னின் மேலேயே எழுதுங்கள். மோட்டார் நேம்பிளேட்டிலோ கையேட்டிலோ அளவு கொடுத்திருந்தால் அதுவே முதலிடம்.

அடிக்கும்போது மோட்டார் ஓட வேண்டும், அதற்குப் பாதுகாப்பான இடத்தில் நிப்பிள் (கிரீஸ் கன்னை மாட்டும் முனை) இருக்க வேண்டும். அடியில் உள்ள வடிகால் பிளக்கைத் திறந்து வைத்து, சிறிது சிறிதாக அடித்து, அரை மணி நேரம் ஓடவிட்டு மூட வேண்டும். பிளக் மூடியிருந்தால் மிச்சக் கிரீஸ் ஷாஃப்ட் வழியாக வைண்டிங்குக்குள் போகும். இரு பக்கமும் மூடிய பேரிங் உள்ள மோட்டாரில் நிப்பிளே இருக்காது, இருக்கவும் வேண்டாம். அடித்த பிறகு சில மணி நேரம் சூடு கொஞ்சம் ஏறி இறங்குவது இயல்பு. இறங்காவிட்டால் அளவு மிஞ்சிவிட்டது. வெப்பநிலை 70 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸ் போடும் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும். பாலியூரியா கிரீஸ் உள்ள மோட்டாரில் கைக்குக் கிடைத்த லித்தியம் கிரீஸை அடித்தால் இரண்டும் கலந்து இளகி வழிந்துவிடலாம். நிப்பிளுக்குப் பக்கத்தில் கிரீஸ் பெயரைப் பெயின்டால் எழுதிவிடுவது பத்து நிமிட வேலை.

அல்ட்ராசவுண்ட் கருவி வாங்க முடிந்தால் கிரீஸ் வேலைக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. அடிப்படையைவிட 8 டெசிபல் ஏறினால் கிரீஸ் கேட்கிறது என்று கொள்ளலாம். அடிக்க அடிக்கச் சத்தம் இறங்கும், இறங்கி நிற்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். கிரீஸ் போட்டும் இறங்காமல் 12 டெசிபலுக்கு மேல் நின்றால் பேரிங்கில் சேதம் தொடங்கியிருக்க வாய்ப்பு. அதே கருவி காற்றுக் கசிவையும் கண்டுபிடிக்கும். நூற்பாலையில் அதற்கான செலவை அதுவே மீட்டுத் தரும் என்று துணிந்து சொல்லலாம்.

விஎஃப்டி போட்ட பிறகு போகும் பேரிங்

மின்சாரத்தை மிச்சப்படுத்த விசிறிகளுக்கு விஎஃப்டி போட்ட ஆலைகளில், அதுவரை பல ஆண்டுகள் ஓடிய மோட்டாரின் பேரிங் திடீரென்று சில மாதங்களில் போகத் தொடங்குவது உண்டு. விஎஃப்டியின் வேகமான சுவிட்சிங்கால் ஷாஃப்டில் மின்னழுத்தம் ஏறி, கிரீஸ் படலத்தைத் துளைத்துக்கொண்டு பேரிங் வழியாகப் பூமிக்கு இறங்குகிறது. ஒவ்வொரு பொறியும் ஓடுதடத்தில் நுண்ணிய குழி. நாளடைவில் அவை சேர்ந்து குறுக்குக் கோடுகளாகின்றன. கழற்றி வெட்டிப் பார்த்தால் ஓடுதடம் முழுவதும் துணி துவைக்கும் பலகை போல வரி வரியாக இருக்கும், கிரீஸ் கறுத்திருக்கும். என்வலப்பில் வெளி வளைய எண்ணின் மடங்குகள் உயர் அலைவரிசையில் குன்றாகத் தெரியும். பேரிங்கை மட்டும் மாற்றினால் மறுபடி இதேதான். ஷாஃப்ட் கிரவுண்டிங் ரிங், பெரிய மோட்டாரில் பின்பக்கம் காப்பிட்ட பேரிங், ஷீல்டுள்ள மோட்டார் கேபிளை இரு முனையிலும் முழுச்சுற்றுத் தொடர்போடு எர்த் செய்வது, இவைதான் மருந்து. உங்கள் பிரேக்டவுன் பட்டியலில் விஎஃப்டி மோட்டார்களைத் தனியாக எண்ணிப் பாருங்கள்.

மின் பக்கமும் ஆயிலும்

தெர்மல் கேமராவைப் பேனலுக்கு வருடம் இரண்டு தடவை வாடகைக்கு எடுத்தாலும் போதும். மெஷின் குறைந்தது 40 சதவீத லோடிலாவது ஓட வேண்டும். தளர்ந்த இணைப்பின் சூடு ஆம்பியரின் வர்க்கத்தோடு போகும், அதனால் பாதி லோடில் பார்த்த சூட்டை முழு லோடுக்கு ஏறக்குறைய நான்கு மடங்காக நினைக்க வேண்டும். ஒரே மாதிரி லோடுள்ள மூன்று ஃபேஸ் முனைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 4 முதல் 15 டிகிரி வரை அதிகம் என்றால் அடுத்த நிறுத்தத்தில் சரிசெய்யலாம், 15-க்கு மேல் என்றால் உடனே. பளபளக்கும் செம்புப் பட்டையில் கேமராவும் வெப்பமானியும் பொய் சொல்லும், குறைத்துத்தான் காட்டும். மின்சாரம் இல்லாத நேரத்தில் அங்கே ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்துவிட்டால் சரியாக அளக்கலாம். மூன்று ஃபேஸ் ஆம்பியரில் ஏற்றத்தாழ்வு தெரிந்தால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள். வோல்டேஜில் 1 சதவீத ஏற்றத்தாழ்வு ஆம்பியரில் 6 முதல் 10 சதவீதமாகத் தெரியும்.

கம்ப்ரஸர் ஆயிலுக்கு சாம்பிள் எடுப்பதே பாதி வேலை. மெஷின் சூடாக ஓடும்போது அல்லது நிறுத்திய உடனே, ஒவ்வொரு தடவையும் அதே வால்வில், முதலில் வருவதைக் கொட்டிவிட்டு, சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். தொட்டியின் அடியில் தேங்கியதைப் பிடித்து அனுப்பினால் அது அழுக்கின் அறிக்கை, ஆயிலின் அறிக்கை அல்ல. பாகுநிலை புது ஆயிலில் இருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகுவது, அமில எண் ஏறுவது, தண்ணீர், இரும்புத் துகள், இந்த நான்கையும் பாருங்கள். புது டிரம்மில் இருந்து ஒரு சாம்பிளை முதலிலேயே அனுப்பி வைத்தால்தான் ஒப்பிட அடிப்படை கிடைக்கும்.

எச்சரிக்கை வந்தால்

முதல் வேலை, கழற்றாமல் இருப்பது. அதே வேகத்தில், அதே இடத்தில் மறுபடி அளங்கள். தவறான அலாரங்களில் பெரும்பகுதி இந்த இடத்திலேயே அடங்கிவிடும். உறுதியானால் போல்ட் இறுக்கம், இறக்கை அழுக்கு, பெல்ட், கிரீஸ் என்ற வரிசையில் பாருங்கள். வி-பெல்ட் இழுவைக்குப் பொதுவான கணக்கு, இரண்டு புல்லிக்கு நடுவே உள்ள தூரத்தில் மீட்டருக்கு 16 மி.மீ. தாழும்போது எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று பார்த்து, பெல்ட் கம்பெனி கொடுக்கும் எண்ணோடு ஒப்பிடுவது. இதை அளக்காமல் கம்பியாக முறுக்கிவிடுவது பேரிங்கைத் தின்னும். பால் பேரிங்கில் சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. மோட்டார் காலில் தரைக்கும் அதற்கும் இடைவெளி இருக்கிறதா என்று ஒவ்வொரு போல்டாகத் தளர்த்தி டயல் கேஜில் பாருங்கள், 0.05 மி.மீ.-க்கு மேல் எழும்பினால் ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) வையுங்கள்.

இதற்குப் பிறகும் எண் இறங்கவில்லையென்றால் வாராந்தர அளவுக்கு மாற்றி, பேரிங்கும் ஆயில் சீலும் ஸ்டோரில் இருப்பதை உறுதி செய்து, நிறுத்தும் நாளை உற்பத்திப் பக்கத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். இவையெல்லாம் யார் பொறுப்பு என்பதும், எந்த எண்ணில் யாருக்குப் போன் என்பதும் மெஷின் பக்கத்து அட்டையிலேயே இருக்கட்டும்.

பேரிங்கை இன்டக்ஷன் ஹீட்டரில் 110 டிகிரி வரை சூடாக்கி ஏற்றுங்கள், 120-ஐத் தாண்ட வேண்டாம். கழற்றிய பழைய பேரிங்கைக் குப்பையில் போடாதீர்கள். வெளி வளையத்தை வெட்டி ஓடுதடத்தைப் பார்த்துப் படமெடுத்து, கடைசி அளவீட்டோடு சேர்த்து வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த தடம் ஷாஃப்ட் திசைச் சுமையைச் சொல்லும். வெளி வளையத்தில் எதிரெதிரே இரண்டு இடத்தில் தேய்ந்திருந்தால் ஹவுசிங் நீள்வட்டமாகியிருக்கிறது. உள் வளையத்தின் துளை பழுப்பேறிப் பளபளத்தால் ஷாஃப்டில் அது வழுக்கியிருக்கிறது. வெட்டிப் பார்த்ததில் ஒன்றுமே இல்லையென்றால் உங்கள் எச்சரிக்கை எண் மிகக் குறைவு, உயர்த்துங்கள். ஒரு வருடத்தில் வெட்டிய பேரிங்குகளில் எத்தனையில் உண்மையான கோளாறு இருந்தது என்ற கணக்கைவிட இந்த முறைக்கு நேர்மையான மதிப்பெண் வேறில்லை.

சென்சார் எப்போது? ஓடும்போது ஆள் நெருங்க முடியாத விசிறி, டக்டுக்கு உள்ளே இருக்கும் மோட்டார், சில நாட்களிலேயே பழுது முற்றும் மெஷின், இவற்றுக்கு வாங்குங்கள். விற்பவரிடம் கேட்க வேண்டியவை: முடுக்கத்தை எத்தனை ஹெர்ட்ஸ் வரை அளக்கும்? 1,000-த்தோடு நின்றால் பேரிங்கின் தொடக்கக் கோளாறு தெரியாது. முழு அலைவடிவத்தைத் தருமா, அல்லது பச்சை, மஞ்சள், சிவப்பு மட்டுமா? விஎஃப்டி வேகத்தை எங்கிருந்து எடுக்கும்? தினம் எத்தனை அளவு எடுத்தால் பேட்டரி எத்தனை வருடம்? ஒப்பந்தம் முடிந்தால் பழைய தரவு உங்கள் கையில் இருக்குமா?

கடைசியாக ஸ்டோர். ஓடும் மெஷின்களின் அதிர்வு தரை வழியாக வந்து, அசையாமல் கிடக்கும் உபரி மோட்டாரின் பேரிங்கில் குண்டு நிற்கும் இடத்திலேயே தேய்த்துப் பள்ளம் போடும். உபரி மோட்டார்களை ரப்பர் பேடு மேல் வைத்து, வாரம் ஒருமுறை ஷாஃப்டைக் கையால் சில சுற்றுச் சுற்றி, முன்பு நின்ற இடத்தில் இருந்து கால் சுற்றுத் தள்ளி நிறுத்துங்கள். சுற்றியவர் தேதியை மோட்டார் மேலேயே எழுதட்டும். ஈரக்காற்று படும் இடமென்றால் வெளியே எடுக்கும் முன் மெக்கர் (வைண்டிங்கின் காப்பு மின்தடையை அளக்கும் கருவி) போட்டு, 40 டிகிரிக்குத் திருத்திய எண் 5 மெகா ஓமுக்குக் குறைந்தால் வைண்டிங்கை உலர்த்தாமல் இணைப்புக் கொடுக்க வேண்டாம்.